படத்தில் இல்லாத கை

முதல் தடவையாக இந்த வீட்டுக்குள் வருகிறவர்களுக்காக நாலு வரி. வாராவாரம் கூடவே வருகிறவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

அக்கா, தங்கை, தம்பி என்று மூன்றே பேர் உள்ள குடும்பம். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்கு ஆறடி உயரம், அடர்ந்த மீசை. மனசு மட்டும் நாலு வயதோடு நின்றுவிட்டது. அவனைப் போன்றவர்கள் பகலில் இருந்து பழகுவதற்கு ஒரு பயிற்சி இல்லத்தைச் சின்னவள் நடத்துகிறாள். அந்த இல்லத்தின் வாடகையும், வேனும், உதவியாளர்களின் சம்பளமும் ஒரு பெரிய தொழில்நுட்பக் கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகின்றன. அந்த நிதியைக் கவனிக்கும் பிரிவில்தான் பெரியவளுக்கு வேலை. இல்லத்தை நடத்துவது தன் தங்கை, அங்கே இருப்பது தன் தம்பி என்று அவள் கம்பெனியில் மூச்சு விட்டதில்லை. சொந்தக்காரர்களுக்கு அந்த நிதி போகக்கூடாது என்பது அங்கே விதி.

போன வாரம் மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். அந்த இல்லத்தைப் பற்றி அவள் எடுத்த குறும்படத்தைத் தலைவர் பார்த்துவிட்டாராம். அசந்து போனாராம். இனி அந்த இல்லத்துக்கு நம் உதவி தேவையில்லை, இந்த மாதத்தோடு நிறைவு செய்துவிடலாம் என்றாராம். பெரியவள் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்து கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கேதான் அவளை விட்டிருந்தோம்.

அதற்குப் பிறகு விஷயத்தைத் தங்கையிடம் சொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் வந்தது. எல்லாவற்றையும் கோட்டை விட்டாள். இன்றைக்குத் தலைவரே இல்லத்துக்கு வருகிறார். இன்று காலை சொல்லியே தீர்வது என்றுதான் எழுந்தாள்.

சின்னவள் தம்பியின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தலைவரே நேர்ல வர்றார்னா சும்மாவா அக்கா? இன்னும் மூணு வருஷத்துக்குச் சரின்னு சொல்லிட்டுத்தான் போவார் பாரு. நம்ம வேன் டிரைவர் கூட முடி வெட்டிட்டு வந்து நிக்கிறார்."

"உன்கிட்ட ஒண்ணு பேசணும்டி."

"நான் முதல்ல பேசிடறேன். இவ்வளவு நாளா வாயை அடக்கிக்கிட்டு இருந்ததே பெரிசு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வந்து சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தான். அவன் எதிரே ஒரு சார்ஜரையும் அட்டைப்பெட்டியையும் வைத்தாள்.

கம்பெனியின் சார்ஜர்களைப் பெட்டியில் போடுவதுதான் இல்லத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் வேலை. ஒயரை வளையமாகச் சுற்ற வேண்டும். சின்னக் கட்டுக்கம்பியை அதன்மேல் போட்டு மூன்று முறுக்கு முறுக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். தம்பிக்கு எல்லாம் வரும், அந்த முறுக்கு மட்டும் வராது. கம்பி அறுந்து போகிறவரை முறுக்கிக்கொண்டே இருப்பான், இல்லையென்றால் ஒரே முறுக்கோடு விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். மூன்றாவது முறுக்கில் சின்னவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவாள்.

படம் எடுத்தபோதும் அப்படித்தான் பிடித்தாள். பெரியவள்தான் அந்தக் கை தெரியாதபடி வெட்டச் சொன்னாள். அவளைக் குறை சொல்லுமுன் அவள் பிழைப்பையும் பார்க்க வேண்டும். நல்லது செய்வதற்கென்றே அந்தக் கம்பெனியில் ஒரு மாடி உண்டு. செடிகள் அதிகம், குரல்கள் தாழ்வு. "தேவையைக் காட்டாதீங்க, நம்பிக்கையைக் காட்டுங்க" என்பது அங்கே தாரக மந்திரம். அழுத முகங்களோடு வந்த படங்களுக்கு நிதி வெட்டு விழுவதையும், சிரித்த முகங்களுக்கு நீட்டிப்பு கிடைப்பதையும் வருஷக்கணக்காகப் பார்த்தவள் அவள். தங்கையின் இல்லம் பிழைக்கட்டும் என்றுதான் தங்கையின் கையை வெட்டினாள். வைத்தியம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. நோயாளி குணமாகிவிட்டான் என்று ஆஸ்பத்திரியை விட்டு அனுப்புகிறார்கள்.

"பண்ணுடா கண்ணா" என்றாள் சின்னவள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

தம்பி ஒயரைச் சுற்றினான். கம்பியைப் போட்டான். நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு முறுக்கினான்.

"நான்" என்றான். ஒரு முறுக்கு. "சின்னு." இன்னொன்று. பிறகு தலையைத் தூக்கிப் பெரியவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். "பெரிசு" என்றான். மூன்றாவது முறுக்கு. கையை எடுத்துவிட்டான்.

அக்காக்கள் இரண்டு பேருக்கும் அவன் வைத்த பெயர்கள் அவை. வீட்டில் எத்தனை பேர் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கைச் சின்னவள் கம்பியில் ஏற்றிவிட்டாள்.

"இனிமே என் கை வேணாம்க்கா. ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா வருது."

"எப்படிடி?"

"தினமும் உன் போட்டோவை முன்னால வச்சுக்கிட்டு உக்காந்தேன். உன் படத்தைப் பார்த்தப்ப எனக்குப் பக்குனு இருந்துச்சு. நாளைக்கு யாராவது நேர்ல வந்து, எங்க, பண்ணிக் காட்டச் சொல்லுங்கன்னு கேட்டா உன் கதி என்ன? உன் வேலை போயிடாதா? அந்த பயத்துலதான் ஆரம்பிச்சேன். இப்ப உன் படம் பொய்யில்ல. நிஜமாக்கிட்டேன்."

தன்னைக் காப்பாற்றத்தான் இவள் இத்தனை நாளும் பாடுபட்டிருக்கிறாள்.

"நீ என்னமோ பேசணும்னியே?"

"ஒண்ணுமில்ல. அந்த நீலச் சட்டையே போடு. அவனுக்கு அதுதான் எடுப்பா இருக்கும்."

இப்படியாக அந்தச் சந்தர்ப்பமும் போயிற்று. தலைவர் நேரில் வந்து பார்த்தால் மனசு மாறுவார் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு ஆபீசுக்குப் புறப்பட்டாள். சொல்லத் தைரியம் இல்லாதவர்களுக்குச் சமாதானத்துக்குப் பஞ்சமே வராது.

மேலாளரோடு காரில் போகும்போது ஒரு முயற்சி செய்து பார்த்தாள்.

"சார், அங்க வேற பிள்ளைங்களும் இருக்காங்க. இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சா கொஞ்சம் ஊன்றி நிப்பாங்க."

மேலாளர் நல்ல மாதிரி. கோபமே வராது. கோபம் வராதவர்களோடு சண்டை போடுவதுதான் உலகத்திலேயே கஷ்டம்.

"அடுத்த வருஷப் பணம் மொத்தமும் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் செயற்கை நுண்ணறிவு சொல்லிக் குடுக்கப் போகுது மேடம். முடிவாயிடுச்சு. அதுவும் இல்லாம, இன்னும் உதவி வேணும்னு நாமளே சொன்னா, அந்தப் படம் என்ன ஆகுறது? நீங்க எடுத்த படம். அந்தப் பையன் தனியா செய்றானா, இல்லையா?"

காருக்குள் குளிரூட்டி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"செய்றான் சார்" என்றாள் பெரியவள்.

"அப்புறம் என்ன?"

அப்புறம் ஒன்றும் இல்லை. படம் பொய் என்றால் அவள் தலை உருளும், பொய் சொல்லிப் பணம் வாங்கிய இல்லம் என்று தங்கையின் பெயர் நாறும், வேறு எந்தக் கம்பெனியும் கிட்டே அண்டாது. படம் நிஜம் என்றால் இல்லத்துக்குப் பூட்டு. இரண்டு பக்கமும் அவளே கட்டிய சுவர்.

இல்லத்தின் கூடத்தில் நீள மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கம்பெனிக்காரர்கள். இன்னொரு பக்கம் பிள்ளைகள். பிள்ளைகள் என்றால், நரை விழுந்தவர்களும் அதில் உண்டு. எதற்கெடுத்தாலும் கை தட்டுகிற ஒருத்தி, காலணியைக் கழற்றி மடியில் வைத்திருக்கிற ஒருவன், தலையைத் தூக்காமல் தரையைத் தடவிக்கொண்டிருக்கிற இன்னொருத்தி. அவர்களுக்குப் பின்னால் பெற்றவர்கள் நின்றார்கள். எல்லோரும் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள்.

பெரியவள் கம்பெனிக்காரர்கள் பக்கம் உட்கார்ந்தாள். வேறு எங்கே உட்காருவாள்.

தலைவர் வந்தார். ஆடம்பரம் இல்லாத மனிதர். நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். மடியில் காலணி வைத்திருந்தவனிடம் அது என்ன அளவு என்று கேட்டார். பொய்யாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் பெரியவளுக்கு அவரைத் திட்டவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

"அந்தப் படத்துல வந்த தம்பி எங்கே?" என்று கேட்டார்.

சின்னவள் தம்பியை அழைத்து வந்து நடுவில் போட்டிருந்த மேஜை முன்னால் உட்கார வைத்தாள். நீலச் சட்டை எடுப்பாகத்தான் இருந்தது. அவன் எதிரே சார்ஜரும் பெட்டியும். சின்னவள் எல்லோருக்கும் தெரியும்படி நாலடி பின்னால் போய் நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். கேமரா ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் பெரியவளுக்கு அந்த நினைப்பு வந்தது. இவன் தோற்றுப் போகட்டும்.

நினைத்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் நினைப்பு போகவில்லை. இவன் குழம்பட்டும், கம்பி அறுந்து போகட்டும், அழட்டும். தலைவர் முக்காலியில் உட்கார்ந்த மனிதர், இரக்கம் உள்ளவர், பார்த்துவிட்டு இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்று சொல்லக்கூடும். வேலை போனால் போகட்டும். பெயர் போனாலும் போகட்டும். கூடப் பிறந்தவன் எல்லோர் முன்னாலும் தோற்க வேண்டும் என்று அவள் மனசு கெஞ்சிக்கொண்டிருந்தது.

தம்பி ஒயரைச் சுற்றினான். ஒரு சுற்று தளர்ந்தது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினான். கட்டுக்கம்பியைப் போட்டான்.

"நான்." முறுக்கினான்.

"சின்னு." முறுக்கினான். நின்றான்.

தலையைத் தூக்கித் தேடினான். வீட்டில் பெரிசோ அதன் போட்டோவோ எதிரே இருக்கும். இங்கே எதிரே நின்றது கேமரா. பின்னால் திரும்பினான், இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பெரியவள் சட்டென்று தரையைப் பார்த்தாள்.

மேலாளர் நாற்காலியில் லேசாக அசைந்தார். தம்பி கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே தரையைப் பார்த்திருந்தால் போதும். அவன் விட்டுவிடுவான், அவளுக்குத் தெரியும்.

"பெரிசு" என்று கூப்பிட்டான். "பெரிசு" என்றான் மறுபடி. குரல் உடைந்திருந்தது. சின்ன வயதில் இருட்டில் விழித்துக்கொண்டு கூப்பிடுகிற அதே குரல்.

அந்தக் குரலுக்கு எழுந்து போகாத நாள் அவள் வாழ்க்கையில் கிடையாது. இன்று எழுந்திருக்கவில்லை. ஆனால் தலை தானாக நிமிர்ந்தது. அவனைப் பார்த்தாள். பார்த்ததோடு நிற்காமல், பாழாய்ப் போன பழக்கம், லேசாகத் தலையை ஆட்டிச் சிரிக்கவும் செய்தாள்.

தம்பியின் முகம் தெளிந்தது. மூன்றாவது முறுக்கை முறுக்கினான். ஒயரைப் பெட்டிக்குள் வைத்தான், மூடினான், இரண்டு கையாலும் தலைவரிடம் நீட்டினான்.

கூடம் கை தட்டியது. எதற்கெடுத்தாலும் கை தட்டுகிறவளுக்கு இன்று எல்லோரும் துணைக்கு வந்தார்கள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். தலைவர் எழுந்து நின்று தட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"இவர் செஞ்சதுக்கு மேல நான் என்ன பேசுறது?" என்று தொடங்கினார். "கத்துக் குடுக்கத்தான் நாங்க வந்தோம். இப்ப நாங்கதான் கத்துக்கிட்டுப் போறோம். இனிமே இந்த இல்லம் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்ல. எங்க உதவி இந்த மாசத்தோட நிறைவடையுது. யாரும் வருத்தப்படாதீங்க. தோத்ததால முடியல, நீங்க ஜெயிச்சதால முடியுது."

சின்னவளின் கைகள் தட்டிக்கொண்டே இருந்தன. பிறகு மெல்ல ஓய்ந்தன. கேட்டது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இன்னொரு சந்தோஷமான விஷயம்" என்றார் தலைவர். "வர்ற திங்கட்கிழமையிலிருந்து இவர் எங்க தலைமை ஆபீஸ்ல வேலைக்கு வர்றார். வாசல்லயே ஒரு மேஜை போடச் சொல்றேன். போற வர்ற எல்லாரும் இவரைப் பார்க்கணும்."

லிஃப்ட்டைக் கண்டால் அலறுகிறவன் அவன். கழிப்பறைக்குக் கூட ஆள் போக வேண்டும். அதெல்லாம் படத்தில் இல்லை.

தலைவர் போன பிறகு, தரையைத் தடவிக்கொண்டிருந்தவளின் அம்மா பெரியவளிடம் வந்தாள். ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருப்பவள்.

"மேடம், பெரியவர் என்னவோ சொன்னாரே, இந்த மாசத்துக்கு அப்புறம் வேற இடம் ஏற்பாடு பண்ணிருக்கீங்களா?"

"வேற இடம் இல்லீங்க."

அந்த அம்மா சண்டை போடவில்லை. அழவும் இல்லை. "அப்ப பழையபடி ரூம்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போகணும்" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "இங்க வந்ததுலேர்ந்துதான் கதவைப் பார்த்து பயப்படறதை விட்டிருந்தா." மகளைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

மேலாளர் கார் கதவருகே நின்று பெரியவளைக் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமை அவரை அழைச்சுட்டு வர்றது உங்க பொறுப்பு மேடம். உங்ககிட்ட ஒட்டிக்கிட்டார்னு நினைக்கிறேன். நடுவுல உங்களைப் பார்த்துத்தானே என்னவோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார் போல சார்" என்றாள் பெரியவள்.

கார் நகர்ந்ததும் திரும்பினாள். பின்னால் வாசற்படியில் சின்னவள் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

இருவரும் உள்ளே வந்தார்கள். வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தம்பி மட்டும் மேஜையில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே, அடுத்தடுத்த சார்ஜரை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள் சின்னவள்.

"போன வாரம். காலைல கூட சொல்லணும்னுதான்..."

"நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு இருந்தேன். நீ நீலச் சட்டை போடுன்னு சொன்னே."

பெரியவளால் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்கிட்ட சொல்லியிருந்தா அவனுக்கு அந்த மூணாவது முறுக்கைச் சொல்லிக் குடுத்திருக்கவே மாட்டேன்கா" என்றாள் சின்னவள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "கத்துக்கிட்டதை மறக்கடிச்சிருப்பேன். தப்பு தப்பா பண்ணுடா, கம்பியை அறுத்துப் போடுடான்னு சொல்லியிருப்பேன். எல்லார் முன்னாடியும் அவன் அழுதிருந்தாலும் பரவாயில்லன்னு விட்டிருப்பேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். பெற்றவர்கள் போன நாளிலிருந்து இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஆசைப்பட்டதெல்லாம் அவன் ஏதாவது ஒன்றைத் தானாகச் செய்ய வேண்டும் என்பதுதான். இன்று அவன் செய்தான். அவன் செய்யாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருவருமே ஏங்கினார்கள்.

பெரியவள் தங்கையின் தோளைத் தொடப் போனாள். சின்னவள் விலகிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை உங்க ஆபீஸ் வாசல்ல உக்காந்துக்கிட்டு அவன் மூணாவது முறுக்குக்கு உன்னைத் தேடுவான். நீ வர்றவரைக்கும் கூப்பிடுவான்." சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பவும், எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார் போலன்னு சொல்லுவியா?"